பெட்டிமுடியும் கரிப்பூரும்: பேரிடரில் போன உயிரைக் கணக்கில் எப்படி எழுதுவது?

தேயிலைக்காடு (இழையைத் தொடங்கியவர்)

2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. ஏறத்தாழ அனைவரும் தமிழர்கள்; பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. அந்த மறுநாள் மாலையிலேயே, துபாயிலிருந்து வந்த விமானம் கேரளத்தின் கரிப்பூர் விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தனர்.

கேரள அரசு விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாயும், பெட்டிமுடியில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாயும் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தபோது, 5 லட்சம் என்பது முதற்கட்ட உதவிதான் என்று விளக்கம் தரப்பட்டது. நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்த இரண்டு எண்களையும் ஒரே செய்தித்தாளின் ஒரே பக்கத்தில் படித்தது முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. பேரிடரில் இறந்த மனிதருக்குப் பண மதிப்பு வைப்பதே தவறா, அல்லது வைத்த மதிப்புத்தான் தவறா? பேரிடர்களின் பொருளாதார இழப்பை அறிவிக்கும்போது வீடு, சாலை, பயிர், கால்நடை எல்லாவற்றையும் கூட்டிவிட்டு, இறந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் தனி வரியில் எழுதுகிறார்களே, அது மரியாதையா, கைகழுவலா? விவரம் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

வழக்குமன்றத் திண்ணை

முதல் கேள்விக்குச் சட்டத்தின் பக்கமிருந்து ஒரு பதில். நீங்கள் ஒப்பிடும் தொகைகளுக்குப் பின்னால் வெவ்வேறு சட்டங்கள் இருக்கின்றன. பன்னாட்டு விமானப் பயணத்தில் இறப்பு நேர்ந்தால், மொன்றியல் உடன்படிக்கையின்படி, விமான நிறுவனத்தின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே பெறக்கூடிய தொகையின் வரம்பு அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். அரசு அறிவித்த 10 லட்சம் அதற்கு மேலதிகமானது. ஆகவே உண்மையான இடைவெளி நீங்கள் சொன்ன இரண்டு மடங்கைவிடப் பெரியது.

நிலச்சரிவில் இறந்தவருக்கோ அப்படிப்பட்ட எதிர்த்தரப்பே கிடையாது. அவர் குடும்பத்துக்குக் கிடைப்பது, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் கருணைத் தொகை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஓர் உயிருக்கு 4 லட்சம் ரூபாய் என்பது 2015ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அளவு. அதற்கு முன் ஒன்றரை லட்சமாக இருந்தது. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறைகளிலும் அது அதே 4 லட்சமாகவே நீடித்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துப் படித்துப் பாருங்கள்: மனித உயிருக்கு 4 லட்சம், கறவைப் பசு அல்லது எருமைக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. மாட்டுக்கான தொகைகூட இடையில் உயர்த்தப்பட்டது, மனிதனுக்கானது உயரவில்லை.

இதே நாட்டில் ஒரு தோட்டத் தொழிலாளி லாரி மோதி இறந்திருந்தால் கணக்கு முற்றிலும் வேறாக இருந்திருக்கும். சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் உறுதிசெய்த பெருக்கெண் முறைப்படி (ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி இழப்பீடு காண்பது), 35 வயதுக்காரரின் பெருக்கெண் 16. மாதம் 10,000 ரூபாய் ஈட்டியவர் என்றும், நான்கு பேர் அவரை நம்பியிருந்தனர் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டு வருமானம் 1,20,000. அவருடைய சொந்தச் செலவுக்கெனக் கால் பங்கைக் கழித்தால் 90,000. அதை 16ஆல் பெருக்கினால் 14,40,000. வருங்கால வருமான உயர்வுக்கு 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி 40 விழுக்காடு சேர்த்தால் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஆக, அதே மனிதர், அதே வயது, அதே கூலி. மேலே வந்து விழுந்தது லாரியா, மலையா என்பதுதான் வேறுபாடு.

கணக்கர்72

வழக்குமன்றத் திண்ணை சொன்னது அனைத்தும் சரி. ஆனால் இந்த விவாதம் எப்போதும் சிக்கிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அதை முதலிலேயே அவிழ்த்துவிடுவது நல்லது. காப்பீட்டுத் துறையில் முப்பது ஆண்டுகள் இறப்பு அட்டவணைகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கருணைத் தொகை ஒரு கை உதவி. பெருக்கெண் முறையில் வருவது, இழந்த வருமானம். இவை இரண்டும் இறப்புக்குப் பின் பேசப்படுபவை; இறந்தவர் யார் என்பது தெரியும். மூன்றாவதாக ஒன்று உண்டு: பொருளியலாளர்கள் ‘புள்ளியியல் உயிர் மதிப்பு’ என்று அழைப்பது. அது இறப்புக்கு முன் பேசப்படுவது. இறக்கப்போகிறவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. அமெரிக்கப் பொருளியலறிஞர் தாமஸ் ஷெல்லிங் 1968ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சிந்தனை வேர்பிடித்தது.

ஒரு தாலுகாவில் ஒரு லட்சம் பேர் வசிக்கிறார்கள் என்று கொள்வோம். வெள்ளத்தால் ஆண்டுக்குச் சராசரியாக ஒருவர் இறக்கிறார். அந்த ஒரு லட்சத்தில் ஒரு பங்கு இடரை நீக்க ஆளுக்கு ஆண்டுதோறும் 500 ரூபாய் கொடுக்க மனமுவந்து சம்மதிக்கிறார்கள் என்றால், மொத்தம் 5 கோடி ரூபாய் சேர்கிறது. அந்தச் செலவில் காப்பாற்றப்படுவது ஓர் உயிர். அந்த 5 கோடிதான் அங்கே புள்ளியியல் உயிர் மதிப்பு. எந்தத் தனி மனிதருடைய விலையும் அதுவன்று. என் மகனை விற்பாயா என்று எவரும் கேட்கவில்லை. பலர் மேல் மெல்லியதாகப் பரவியிருக்கும் ஆபத்தைக் குறைக்க அவர்களே தரும் மதிப்பு அது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023ஆம் ஆண்டுக்கு இதை 1.32 கோடி டாலர் என்று வைத்திருக்கிறது. பாலத்துக்குத் தடுப்புச்சுவர் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அங்கே இந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள்.

இழையைத் தொடங்கிய தம்பியின் கடைசிக் கேள்விக்கு என் பதில்: தனி வரியில் எழுதுவது மரியாதையாகத் தொடங்கியது, ஆனால் செலவு முடிவுகளின் மேசைக்கு வரும்போது அந்த வரி தொலைந்துபோகிறது. ஓர் எடுத்துக்காட்டு. 2008ஆம் ஆண்டு மே மாதம் மியான்மரின் ஐராவதி வடிநிலத்தைத் தாக்கிய நர்கிஸ் புயலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,38,000 பேர். பொருளிழப்பு சுமார் 400 கோடி டாலர். 2020ஆம் ஆண்டின் அம்பன் புயலில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இறந்தவர்கள் சுமார் 130 பேர். இந்தியாவில் மட்டும் பொருளிழப்பு ஏறத்தாழ 1,400 கோடி டாலர். பணக் கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு அம்பன்தான் மூன்று மடங்கு பெரிய பேரிடர். புயலுக்கு முன் இரு நாடுகளிலும் ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேரை வெளியேற்றியதால் காக்கப்பட்ட உயிர்களுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு பைசாகூட வரவு இல்லை.

நெய்தல்நிலத்தான்

கணக்கர் ஐயாவின் மூன்று வகைப் பிரிப்பு தெளிவாக இருக்கிறது, ஆனால் கடற்கரையில் அது அவ்வளவு தூய்மையாக நிற்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைச் சென்றடையவில்லை. குழித்துறையில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்த பிறகுதான் சென்னை திரும்பிப் பார்த்தது. இறுதியில் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. முதலில் அறிவிக்கப்பட்டது அதைவிடக் குறைவு. விதிமுறைப் பட்டியலில் இருந்த தொகை 4 லட்சம். இடையில் இருக்கும் 16 லட்சத்தை எந்தச் சூத்திரம் தந்தது? தண்டவாளம் தந்தது. இந்நாட்டில் கருணைத் தொகை என்பது வெளிப்படுத்தப்பட்ட கோபத்தின் அளவு என்று நான் நம்பத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இன்னொன்று, மதிப்பு வைப்பதற்கு முன் எண்ண வேண்டும். கடலில் காணாமற்போனவர் இறந்தவர் ஆவதற்குச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒக்கிக்கும், 2004 ஆழிப்பேரலைக்கும், 2013 உத்தராகண்ட் வெள்ளத்துக்கும் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித் தனி நடைமுறை வகுத்தார்கள். தளர்த்தாத சிறு விபத்துகளில், உடல் கிடைக்காதவரின் மனைவி விதவையும் அல்ல, கணவர் உள்ளவரும் அல்ல. ஓர் உயிர் 5 கோடியா 5 லட்சமா என்று நீங்கள் பேசும்போது, அவள் இன்னும் வங்கியில் கணவரின் கையொப்பத்துக்காக நின்றுகொண்டிருக்கிறாள்.

மட்டுநகரான்

எண்ணுவது பற்றி நண்பர் சொன்னதற்கு ஈழத்திலிருந்து ஒரு சான்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. அங்கும் மலையகத் தமிழர்கள்தான். எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்பதே நாட்கணக்கில் மாறிக்கொண்டிருந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று வீடு இருக்கவில்லை. பெட்டிமுடியைப் பற்றி வாசித்தபோது ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி எழுதியது போலவே இருந்தது.

கோபே சகோதரி

நான் பதினெட்டு ஆண்டுகளாக ஜப்பானில் வசிக்கிறேன். இங்கே இந்தக் கேள்விக்குச் சட்டமே ஒரு விடை எழுதி வைத்திருக்கிறது; அது சரியான விடை என்று நான் சொல்லவில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயற்கைப் பேரிடரில் இறந்தவர் குடும்ப வருமானத்தைத் தாங்கியவராக இருந்தால் 50 லட்சம் யென் வரையிலும், மற்றவராக இருந்தால் 25 லட்சம் யென் வரையிலும் இரங்கல் தொகை வழங்கப்படுகிறது. செலவில் பாதியை நடுவண் அரசும், எஞ்சியதை மாகாணமும் உள்ளூராட்சியும் சமமாகவும் ஏற்கின்றன. வீட்டிலிருந்து பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்ட பெண் இறந்தால், அவளுடைய உயிருக்குப் பெரும்பாலும் கணவருடையதில் பாதி. ‘இரங்கல்’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே வருமானக் கணக்கை ஒளித்துவைத்திருக்கிறார்கள். கணக்கர் ஐயா பிரித்துக் காட்டிய முதல் இரண்டு வகைகளும் இங்கே ஒரே உறையில் கிடக்கின்றன.

ஆனால் ஒரு செயலில் இந்த நாட்டை நான் மதிக்கிறேன். அலையிலோ இடிபாட்டிலோ இறந்தவர்களை மட்டும் இவர்கள் எண்ணுவதில்லை. புகலிடத்தின் குளிரில், மருந்து கிடைக்காமல், இடம்பெயர்ந்த களைப்பில் பின்னர் இறந்தவர்களையும் ‘பேரிடர் தொடர்பான இறப்பு’ என்று உள்ளூராட்சிக் குழு ஆய்ந்து ஏற்றால் குடும்பத்துக்கு அதே தொகை கிடைக்கும். 2011 பேரலைக்குப் பின் இப்படி ஏற்கப்பட்டவை 3,700க்கும் மேல். 2016 குமமோத்தோ நிலநடுக்கத்தில் நேரடியாக இறந்தவர்கள் 50 பேர். தொடர்பான இறப்புகள் 200க்கும் மேல். அந்தக் குழு இல்லாதிருந்தால் குமமோத்தோ ஒரு சிறு பேரிடராகவே வரலாற்றில் நின்றிருக்கும்.

கணக்கர்72

கோபே சகோதரிக்கு நன்றி. இதற்கு எதிர்மாறான செய்தி புவேர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. 2017ஆம் ஆண்டின் மரியா சூறாவளியில் இறந்தவர்கள் 64 பேர் என்றே அதிகாரிகள் பல மாதங்கள் சொல்லிவந்தனர். வழக்கமான இறப்புகளைவிட எத்தனை பேர் கூடுதலாக இறந்தனர் என்று ஆராய்ந்த பின் அது 2,975 ஆயிற்று. பொருட்சேதக் கணக்கு ஏறத்தாழ 9,000 கோடி டாலர் என்று உடனே திரண்டுவிட்டது. கூரைகளை எண்ணியவர்கள் ஆட்களை எண்ணவில்லை.

வெப்ப அலை இதன் உச்சம். 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் ஏறத்தாழ 70,000 பேர் கூடுதலாக இறந்தனர். ஒரு பாலமும் இடியவில்லை. தமிழ்நாட்டிலும் வெப்ப அலை 2024ஆம் ஆண்டில்தான் மாநில அளவிலான பேரிடராக அறிவிக்கப்பட்டு, அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் என்று ஆனது. நடுவண் அரசின் பட்டியலில் அது அப்போது இடம்பெறவில்லை.

சந்தேகி

கணக்கர் அவர்களே, உங்கள் முறையை ஏற்பதாகவே வைத்துக்கொள்கிறேன். எந்த எண்ணைக் கொண்டு பெருக்கச் சொல்கிறீர்கள்? நர்கிஸில் இறந்த 1,38,000 பேரையும் தலைக்கு 70 லட்சம் டாலர் என்று பெருக்கினால் 96,600 கோடி டாலர் வருகிறது. அது மியான்மரின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் பல மடங்கு தாண்டிய தொகை. அந்த நாட்டையே விற்றாலும் ஈடாகாது. அத்தகைய எண்ணுக்கு என்ன பொருள்? அது கூடாதென்று, ஏழை நாட்டுக்கேற்ப ஒரு லட்சம் டாலர் என்று வைத்தால் 1,380 கோடி டாலர். அதாவது 1,38,000 உயிர்களும் சேர்ந்து அம்பன் புயலின் சேதத்தைக்கூட எட்டவில்லை. முதல் எண் கேலிக்கூத்து, இரண்டாம் எண் அவமானம். நடுவில் நேர்மையான எண் ஒன்று இருக்கிறதென்றால் காட்டுங்கள்.

கணக்கர்72

கூர்மையான கேள்வி. இந்தச் சண்டை உலக அரங்கிலேயே நடந்தது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளிடைக் குழுவின் இரண்டாம் அறிக்கை 1995ஆம் ஆண்டில் தயாரானபோது, பாதிப்புகளைப் பணமாக்கிய அத்தியாயத்தில் செல்வ நாட்டு உயிருக்கும் ஏழை நாட்டு உயிருக்கும் பத்து மடங்குக்குக் குறையாத வேறுபாடு இருந்தது. இந்தியா உள்ளிட்ட நாடுகள் கடுமையாக எதிர்த்தன. பொருளியலாளர்களின் தற்காப்பு என்னவென்றால், மக்கள் கொடுக்க இயன்றதைத்தான் அளந்தோம் என்பது. எதிர்த்தவர்களின் வாதம், புகையை விட்டவன் ஒரு நாட்டிலும் மூழ்கியவன் இன்னொரு நாட்டிலும் இருக்கும்போது, மூழ்கியவனின் பணப்பையை ஏன் அளக்கிறீர்கள் என்பது. நான் அன்று பொருளியலாளர்களின் பக்கம் நின்றேன். இன்று அந்த நிலையில் இல்லை.

நியூசிலாந்தில் பணிபுரியும் இலான் நோய் (Ilan Noy) என்ற பொருளியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறு வழியை எடுத்தது. காலநிலை மாற்றத்தால் நேர்ந்தவை என்று சொல்லத்தக்க தீவிர வானிலை இழப்புகளை, 2000 முதல் 2019 வரை, ஆண்டுக்கு 14,300 கோடி டாலர் என்று கணித்தார்கள். எந்த நாட்டில் இறந்தாலும் உயிருக்கு ஒரே மதிப்பு, சந்தேகி எடுத்துக்கொண்ட அதே 70 லட்சம் டாலரைச் சுற்றியது. அப்படிச் செய்தபோது மொத்த இழப்பில் 63 விழுக்காடு உயிரிழப்பாகவே வந்தது. அதுவரை கட்டடமும் பயிருமாகத் தெரிந்த பேரிடர், மனிதர்களின் பேரிடராகத் தெரிந்தது. நர்கிஸ் நிகழ்ந்த 2008ஆம் ஆண்டு அந்த வரைபடத்தில் ஒரு சிகரமாக எழுந்து நிற்கிறது.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். 96,600 கோடி டாலர் என்பது மியான்மர் தர வேண்டிய விலை அல்ல என்பதால், அந்நாட்டின் உற்பத்தியோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது. அது ஒரு தராசுக்கல். இரண்டு பேரிடர்களை ஒரே தட்டில் வைக்க வேண்டுமானால் ஒரே கல்லைக் கொண்டு நிறுக்க வேண்டும். எந்தக் கல் என்பதில் நாம் சண்டையிடலாம். ஆளுக்கேற்பக் கல்லை மாற்றுவது கூடாது.

சந்தேகி

தராசுக்கல் என்றால், ஆண்டுகளைக் கொண்டு நிறுக்கலாமே. அதே இலான் நோய் என்பவர் டாலருக்கு மாற்றாக இழந்த வாழ்நாள் ஆண்டுகளைக் கணக்கிடும் முறையையும் முன்வைத்ததாகப் படித்திருக்கிறேன். டாலர் வேண்டியதில்லை, நாடு வேண்டியதில்லை.

கோபே சகோதரி

அந்த முறையில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 2011 பேரலையில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். ஆண்டுகளைக் கொண்டு நிறுத்தால், ஓடி மேடேற முடியாமல் இறந்த மூதாட்டி, ஓட முடிந்த இளைஞனின் கால் பங்கு ஆகிவிடுகிறாள். டாலரில் ஏழைக்கு நேர்வது ஆண்டுகளில் முதியவருக்கு நேர்கிறது.

அணைக்கட்டுப் பொறியாளர்

நீர்வளத் துறையில் வெள்ளத்தடுப்புத் திட்ட மதிப்பீடுகளைத் தயாரித்து ஓய்வு பெற்றவன். இதுவரை எழுதியவர்கள் எவரும் தொடாத ஒன்றை எழுதுகிறேன். உயிருக்கு மதிப்பு வைக்க மாட்டோம் என்று சொல்லும் கோப்பிலும் ஒரு மதிப்பு எழுதப்பட்டே இருக்கிறது. பலன் பத்தியில் பயிர், வீடு, சாலை என்று நிரப்பிவிட்டு உயிருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால், கூட்டும்போது அந்த வெற்றிடம் பூச்சியமாகத்தான் கூடுகிறது. நான் பணியில் இருந்தபோது ஒரு மதிப்பீட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப முயன்றேன். எந்த எண்ணை வைப்பது என்று மேலிடத்தில் கேட்டபோது, கருணைத் தொகையை வைத்துவிடுங்கள், அதுதான் அரசாணையில் இருக்கிறது என்றார்கள். வைத்தேன். அதன் விளைவை விளக்க, எண்களை நானே கற்பித்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு சரிவின் அடியில் 70 பேர் வசிக்கிறார்கள். அந்தச் சரிவு ஓராண்டில் இடிந்து விழ இருநூற்றில் ஒரு வாய்ப்பு. விழுந்தால் அனைவரும் இறப்பார்கள். அவர்களை வேறிடத்தில் குடியமர்த்த 3 கோடி ரூபாய் ஆகும். உயிருக்கு 4 லட்சம் என்று வைத்தால், ஆண்டுக்கு எதிர்பார்க்கப்படும் உயிரிழப்பின் மதிப்பு 2 கோடியே 80 லட்சத்தில் இருநூற்றில் ஒரு பங்கு, அதாவது 1,40,000 ரூபாய். 3 கோடியை மீட்க இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும், கோப்பு திரும்பிவிடும். கணக்கர் ஐயாவின் தாலுகா எடுத்துக்காட்டில் வந்த 5 கோடியை வைத்தால், அதே இழப்பு ஆண்டுக்கு 1 கோடியே 75 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்குள் செலவு மீண்டுவிடும். சரிவு மாறவில்லை, மழை மாறவில்லை, ஆட்கள் மாறவில்லை. துக்க வீட்டில் கைச்செலவுக்கு என்று வகுத்த தொகை, திட்ட அலுவலகத்துக்குள் நுழைந்து உயிரின் மதிப்பாக உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

நெதர்லாந்துக்காரர்கள் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். 1953 பிப்ரவரி வெள்ளத்தில் அங்கே 1,836 பேர் இறந்தனர். அதன் பின் கரைகளின் உயரத்தை முடிவு செய்ய வான் டான்ட்சிக் என்ற கணிதவியலாளரை அழைத்தார்கள். கரையை உயர்த்தும் செலவும் வெள்ளத்தால் நேரக்கூடிய இழப்பும் சேர்ந்து எங்கே மிகக் குறைவாகின்றனவோ அதுவே சரியான உயரம் என்று அவர் வழி வகுத்தார். 2017ஆம் ஆண்டு முதல் நடப்பிலிருக்கும் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கரைக்குப் பின்னால் வாழும் எவருக்கும், ஏழையோ செல்வரோ, வெள்ளத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது. 2050க்குள் இதை எட்ட வேண்டும். இதற்குச் செலவு பலன் கணக்கு கேட்கப்படுவதில்லை. அந்தக் குறைந்தபட்ச அடித்தளத்துக்கு மேல் எவ்வளவு பாதுகாப்பு என்பதில்தான் பணக் கணக்கு உள்ளே வருகிறது.

தேயிலைக்காடு

பொறியாளர் ஐயாவின் கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். உண்மையில் உறைந்துபோனேன்.

ஆயினும் கணக்கர் ஐயாவின் 5 கோடியில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. ஆபத்தைக் குறைக்க மக்கள் தாமே முன்வந்து தரும் தொகை என்கிறீர்கள். தொழிலாளர்களின் கூலியில் ஆபத்துக்கென எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்த்தும் இதை அளப்பதாகப் படித்தேன், கே.ஆர். சண்முகம் என்ற பொருளியலாளர் சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களை வைத்தே அப்படி ஆராய்ந்திருக்கிறார். அந்தத் தொழிலாளிக்கு வேறு வேலைக்குப் போகும் வழி ஓரளவு இருந்திருக்கலாம். லயத்தில் அப்படி இல்லை. வேலையோடு வீடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் வீடு போகும். ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்தால்தான் அந்த வீடு தங்கும். என் அக்காள் படிப்பை நிறுத்திக் கொழுந்தெடுக்கப் போனது அந்த வீட்டுக்காகத்தான். மலையின் எந்த மடிப்பில் தூங்குவது என்று எங்களை எவரும் கேட்டதில்லை. ஆபத்தைக் குறைக்க எவ்வளவு தருவீர்கள் என்று எங்களிடம் கேட்டிருந்தால், கையில் இருந்ததைத்தான் சொல்லியிருப்போம். அந்த எண் அந்த 4 லட்சத்தைவிடக் குறைவாகக்கூட வந்திருக்கலாம்.

கணக்கர்72

அந்த ஐயம் நியாயமானது. கேட்டு அளக்கும் முறை, கேட்கப்படுபவருக்கு மாற்று வழி இருக்கிறது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. அது இல்லாத இடத்தில் கிடைப்பது உயிரின் மதிப்பன்று, வறுமையின் அளவு. அதனால்தான் ஒரே கல் என்றேன். அந்தக் கல்லை உங்களிடமிருந்து எடுக்கக்கூடாது, நாடு முழுமைக்குமாக ஒன்று வகுக்க வேண்டும். பொறியாளர் சொன்ன அடித்தளம் அதைவிட முந்தியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நெய்தல்நிலத்தான்

நாடு முழுமைக்கும் ஒரே எண் என்றால் அரசு எப்போதும் தாழ்ந்த எண்ணையே எடுக்கும். 2021ஆம் ஆண்டில் கொரோனா இறப்புகளுக்கு அதே பேரிடர் சட்டத்தின்படி 4 லட்சம் கேட்டபோது, நிதி தாங்காது என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லி, இறுதியில் 50,000 ரூபாய் வகுத்தார்கள். இறந்தவர்கள் அதிகமானால் உயிரின் மதிப்பு குறையும் என்பதை அன்றுதான் எழுத்தில் பார்த்தேன்.

வழக்குமன்றத் திண்ணை

அது கருணைத் தொகை. கையிருப்பை வகுத்துக் கொடுப்பது. கணக்கர் பேசுவது திட்ட மதிப்பீட்டின் எண். அதில் எவருக்கும் பணம் போவதில்லை, ஆகவே நிதி தாங்காது என்ற வாதமும் அங்கே எழாது. இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்று பொறியாளர் சொல்வதற்கு உங்கள் எடுத்துக்காட்டே வலுச் சேர்க்கிறது. இரண்டாவது எண்ணை அரசாணையாகவே வெளியிட்டால், அடுத்த முறை மேலிடத்தில் கேட்கும் பொறியாளருக்குக் கையில் ஏதாவது இருக்கும். நீதிமன்றத்திலும் அதைக் காட்டிக் கேட்கலாம்.

தேயிலைக்காடு

அப்படியானால் எங்கள் தாலுகாவிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். நிலச்சரிவு அபாயம் உள்ள லயங்களிலிருந்து மக்களை இடம்பெயர்க்க வேண்டுமா என்று ஏதேனும் மதிப்பீடு நடந்திருந்தால், அதில் உயிருக்கு என்ன எண் வைத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாமா?

வழக்குமன்றத் திண்ணை

கேட்கலாம், ஆனால் அப்படிக் கேட்காதீர்கள். ‘என்ன எண் வைத்தீர்கள், ஏன்’ என்று எழுதினால், இது விளக்கம் கோருவது, தகவல் அன்று என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை, இந்தத் தாலுகாவில் நிலச்சரிவு அபாயப் பகுதிகளிலிருந்து குடியிருப்புகளை மாற்றுவது தொடர்பாகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீட்டு அறிக்கைகளின் படிகள், அவற்றோடு இணைந்த செலவு பலன் அட்டவணைகளின் படிகள், அப்படி எதுவும் இல்லையென்றால் இல்லை என்ற எழுத்துப்பூர்வமான பதில். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

அணைக்கட்டுப் பொறியாளர்

அட்டவணை கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள், தம்பி. முதலில் பலன் பத்தியின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் ஒரு பொருள், 4 லட்சம் இருந்தால் வேறு பொருள்.

தேயிலைக்காடு

மனுவை இன்று எழுதிவிட்டேன். நாளைக் காலை பதிவஞ்சலில் போகிறது. பதில் வந்ததும் இதே இழையில் பதிகிறேன்.